உறைப்பின் மேல் போட்ட பழி

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போது இடையில் எதையோ கடித்தாய். கறுக்கென்று ஒரு சத்தம், பிறகு மா கரைகிற மாதிரி நாக்குச் சத்தம். "என்னடா சாப்பிடுறாய்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, இனிப்பு" என்றாய். ஆனால் இனிப்பைக் கடிக்கிற சத்தம் வேறு, நெஞ்செரிவு மருந்துக் குளிசையைக் கடிக்கிற சத்தம் வேறு. அந்த இரண்டாவது சத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எத்தனையோ காலம் படுத்து எழும்பியவள். உன் அப்பாவும் இனிப்பு என்றுதான் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் இதைத் தொடங்கினால் "வேலைக்கு நேரமாச்சு, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள், எழுத்தில் பிழை வரும். மறித்தது யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது, அந்தக் கோபத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். உன் தங்கை இதைத் திருத்தித் தருகிறேன் என்கிறாள். கோயில் ஆண்டு மலரிலும் போடலாமா என்று கேட்டாள். போடட்டும் என்றேன். இந்த நாட்டில் குளிசையைக் கடித்துக்கொண்டு இனிப்பென்று சொல்கிற பிள்ளை நீ ஒருவன் மட்டுமில்லை.

ஊரில் சண்டை முடிந்த அந்த வருடத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீயும் அப்பாவோடு குளிரில் ஊர்வலங்களில் நின்றாய். சூரிச்சில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடியது. என் தம்பிமார் இரண்டு பேரும் வன்னிக்குள் அகப்பட்டுக் கிடந்தார்கள், இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. நான் சோறு வடிப்பேன், அது பானையிலேயே ஆறிக் கிடக்கும். அப்பா உணவகத்துச் சமையலறையில் ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு வந்து, வீட்டில் ஒரு கோப்பை பாலைக் குடித்துவிட்டு நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு இருப்பார். "ரெண்டு வாய் சாப்பிடுங்கோவன்" என்று கேட்டால், "இஞ்சை ஆரப்பா சாப்பிடுறது? அங்கை சனம் சாகுது" என்பார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது? அவருக்கு இடுப்புப் பட்டி தளர்ந்தது. ஆனால் அந்த மாதங்களில் லாங்ஸ்திராச தெருப் பக்கம் எங்கள் ஆட்களின் கடைக்குப் போனால் எந்த ஆம்பிளைக்கும் பட்டி தளர்ந்துதான் இருந்தது. எல்லாருக்கும் கண் குழி விழுந்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்து, ஊர்க் கவலை, யோசினை, யோசினை என்று சொல்லிக்கொண்டோம். அத்தனை பேருக்குள் ஒருவர் வேறு காரணத்தால் மெலிந்துகொண்டிருந்தார் என்பதை யார் கண்டோம்? வேறொரு வருடமாக இருந்திருந்தால் நான் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போயிருப்பேன். அந்த வருடத்தில் வயிறு எரியாதவனைத்தான் ஒரு மாதிரிப் பார்த்திருப்போம்.

இலை கொட்டுகிற காலத்தில் அவர் வேலையிடத்தில் விழுந்தார். வைத்தியசாலையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது, வெட்ட முடியாது என்றார்கள். பனி கொட்டத் தொடங்கும்போது அவர் இல்லை. நீ அந்தச் சவப்பெட்டியைத் தூக்கியபோது உன் தோள் அதற்கு இன்னும் அகலமாகியிருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு உன் மாமி வந்தாள். மாம்பழ நிறத்தில் மெல்லிய கரை போட்ட சேலை கட்டியிருந்தாள், செத்தவீட்டுக்குக் கட்டுகிற நிறமா அது என்று அப்போதும் நினைத்தேன். அப்பாவின் ஒரே அக்கா. நான் கதிரையில் இருக்கிறேன், என் இரண்டு பக்கமும் பெண்கள். அவள் பெட்டியைப் பார்த்து அழுதாள், பிறகு என் பக்கம் திரும்பி, மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்க, "உறைப்பு, உறைப்பெண்டு அள்ளிக் கொட்டித் தீத்தினீர். என்ர தம்பியின்ர வயித்தை எரிச்சுப்போட்டீர்" என்றாள். என் பக்கத்தில் இருந்த ஒருத்தியாவது "அப்பிடிச் சொல்லாதையுங்கோ" என்று சொல்லவில்லை. யார் யார் அன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அவர்களுடைய பிள்ளைகளின் கலியாணத்துக்கு நான் ஏன் போகவில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். இதுதான்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வீட்டில் மிளகாய்த்தூள் வாங்கவில்லை. உனக்கும் தங்கைக்கும் வெள்ளைக் கறி, பால்கறி, பத்தியக் கறி. "அம்மா, இது கறியோ, கழனித் தண்ணியோ?" என்று நீ கோப்பையைத் தள்ளியது நினைவிருக்கிறதா? உனக்கு நான் காரணம் சொல்லவில்லை. நம்பாத ஒரு சொல்லுக்குக் கீழ்ப்படிந்து அத்தனை வருடம் சமைத்தேன். மனிதரின் சொல் அப்படித்தான் போய் உட்காருகிறது.

பிறகு நான் கூர் நகரத்துக்கு, உன் தங்கை வீட்டுக்கு வந்தேன். நீ லா ஷோ-து-ஃபோன் என்கிற ஊருக்கு, மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனாய், கலியாணமும் முடித்தாய். ஒரு நாள் எனக்கும் வயிறு பிடித்து இழுத்தது. தங்கை முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள், அவளை ஏய்க்க முடியாது. கூட்டிக்கொண்டு போனாள். உறைப்பில்லாமல் தின்ற எனக்கு வயிறு ஏன் எரிகிறது என்றுதான் எனக்கு முதல் ஆத்திரம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டைக்குள் ஏதோ மருந்தை விசிறி, ஊசி போட்டார்கள், நித்திரையாகிவிட்டேன், எழும்பும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இதைக் கவனமாகப் படி. நீ அதற்குத்தான் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

டொக்டர் ஒரு சின்னப் பெண், தங்கையின் வயதுதான் இருக்கும். கடதாசியில் பேனையால் வயிற்றைப் பை மாதிரிக் கீறினாள், அதற்குள் சுருண்ட நூல் மாதிரி ஒன்றைக் கீறினாள். தங்கை தமிழில் சொன்னாள்: "அம்மா, உங்கட வயித்துக்குள்ளை இது இருக்காம். கன காலமா இருந்திருக்கும்."

நான் பார்த்தேன். "பூச்சியோ? அப்ப பூச்சி மருந்து குடிச்சாப் போகாதோ? எனக்கு மருந்து தெரியும்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூச்சியில்லையம்மா. பக்டீரியா. கண்ணுக்குத் தெரியாது."

வயிற்றுக்குள் இருக்கிற புளிப்பில், அமிலத்தில், வேறு அனேகமாக எதுவும் உயிரோடு இருக்காதாம், இது மட்டும் வயிற்றின் சளித்தோலுக்குள் ஒதுங்கிக்கொண்டு இருந்துவிடுமாம். அனேகம் பேருக்கு ஒன்றும் செய்யாது, இருக்கிறதென்றே தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போவார்கள். சிலருக்குப் புண் வரும். இன்னும் கொஞ்சப் பேருக்கு அந்தத் தோல் வருடக் கணக்காக வெந்து வெந்து, மாறி மாறி, கடைசியில் புற்றாகும். வயிற்றுப் புற்றுக்குப் பெரிய காரணமே இதுதானாம். நான் கேட்டேன்: "அப்ப, உறைப்பு?" டொக்டர் இல்லையென்று தலையை ஆட்டினாள். எரிவைக் கூட்டலாம், புற்றுக்குக் காரணம் அதுவென்று சொல்ல மாட்டேன் என்றாள். "யோசினை?" யோசினையால் நோவு கூடுதலாகத் தெரியலாம், புற்றுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாதாம். புகைப்பதும் உப்புக் கூடின சாப்பாடும் கொஞ்சம் துணைபோகும் என்றாள். தங்கை அதைக் "கருவாடு, அம்மா" என்று மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து கருவாட்டுப் பொதி கொண்டுவந்து தன் தம்பிக்குக் கொடுத்தது யார் என்று உனக்குத் தெரியும்தானே. எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இது ஆரிட்டை இருந்து வாறது?" என்று கேட்டேன். எனக்குக் குற்றம் சொல்ல ஆள் வேண்டும், அது என் குணம். டொக்டர் சொன்னாள், அனேகமாகச் சின்ன வயதிலேயே வந்துவிடும், ஒரு வீட்டுக்குள் வாயிலிருந்து வாய்க்கு, கையிலிருந்து வாய்க்கு. அப்பாவுக்கும் அதுவே காரணமா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் அவருடைய கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். இருந்தால் குளிசை போட்டு அழிக்கலாம், புற்று வருகிற வாய்ப்பு நன்றாகக் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை உன் மாமிக்குத் தொலைபேசி எடுத்ததுதான். ஏனென்றால் அப்பா எனக்கொரு கதை சொல்லியிருக்கிறார். அவருக்கு இரண்டு வயதில் தாய் செத்துப்போனார். அக்காதான் அவருக்குச் சோற்றைத் தன் வாயில் சப்பி, மசித்து, அவர் வாயில் வைத்து வளர்த்தாள். அதை அவர் கண் கலங்கச் சொல்வார். அந்தக் கதையை இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் முகத்திலேயே எறிவதற்குத்தான் எடுத்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"ஆர்?" என்றாள்.

"நான்தான்."

"ஆர் நான்?" தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

"உங்கட தம்பிக்கு உறைப்புத் தீத்திக் கொண்டவள்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு சண்டைக்கோ எடுத்தனீர்?" என்றாள்.

"ஓம். அது உறைப்பில்லையாம், மச்சாள். ஒரு கிருமியாம். குழந்தைப் பிள்ளையிலையே வயித்துக்குள்ளை போறதாம். வீட்டுக்குள்ளை ஒராளின்ர வாயிலையிருந்து மற்றாளின்ர வாய்க்கு."

அடுத்த சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அவளே கேட்டாள். "சப்பிக் குடுத்தா வருமோ?"

நான் பதில் சொல்ல முன்னம் அவள் தொடர்ந்தாள்.

"அம்மா செத்தாப்போலை அவன் ஒண்டும் விழுங்கமாட்டான், மச்சாள். துப்பிக்கொண்டே இருப்பான். எனக்கு அப்ப என்ன வயசு? பாவாடையோடை திரிஞ்சனான். சப்பிக் குடுத்தாத்தான் விழுங்கினவன். இல்லாட்டி அவன் அப்பவே போயிருப்பான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்ப நான்தானோ?" என்று கேட்டாள்.

மகன், அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லத்தான் நான் எடுத்தேன். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் இருந்தேன். ஆனால் ஒரு சின்னப் பெட்டை, தாயில்லாத தம்பியை மடியில் வைத்து, தன் வாய்ச் சோற்றை எடுத்து அவன் வாயில் வைக்கிறாள். அவளைப் பார்த்து நான் என்னவென்று சொல்வது? எனக்குக் கோபிக்க ஆள் வேண்டும். இந்த வயிற்று வருத்தத்தில் தேடித் தேடிப் போனால் கடைசியில் சோறு தீத்தின ஒருத்தியில்தான் வந்து நிற்கிறது. அவளுக்கும் அது எங்கிருந்து வந்ததென்று யாருக்குத் தெரியும்? அந்தத் தாயிடமிருந்தே வந்திருக்கலாம், கிணற்றுத் தண்ணீரில் வந்திருக்கலாம்.

"உங்களுக்கு வயிறு எரியிறதோ?" என்று கேட்டேன்.

"கன காலமா."

"அப்ப நாளைக்கே டொக்டருக்கு எடுங்கோ."

"எனக்கு வயசு போட்டுது. இனி என்னத்துக்கு?"

"நீங்கள் இப்ப போகேலாது. உங்களோடை எனக்குச் சண்டை முடியேல்லை."

அவள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். சிரிப்பா, என்னவென்று தெரியவில்லை.

நான்தான் சூரிச்சுக்கு அவள் வீட்டுக்குப் போய், அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கிற இடத்து வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், பெயர் கூப்பிடும் வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் அவளுக்கும் அது இருந்தது. தோலும் ஒரு இடத்தில் மாறத் தொடங்கியிருந்தது, புற்றாகவில்லை, இனி விடாமல் பார்த்துக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். இரண்டு கிழமைக்குக் குளிசை. காலையும் மாலையும் ஒரு பிடி. எனக்கும் அதே குளிசைதான் தந்தவர்கள். வாயெல்லாம் செப்புக்காசைச் சூப்பின மாதிரி இருக்கும், வயிறு கரைந்து போகும், ஆனால் ஒன்றும் விடாமல் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் மிஞ்சியது அந்த மருந்துக்குப் பழகிவிடுமாம். அவள் பாதியில் தொலைபேசி எடுத்து, "கந்தசட்டி தொடங்குது மச்சாள், வெறும் வயித்திலை இதைப் போடேலாது, விரதம் முடியப் போடுறன்" என்றாள். "முருகன் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்" என்றேன். போட்டு முடித்தாள். பிறகு சோதித்ததில் இரண்டு பேருக்கும் இல்லை. அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்தச் சேலையும் அந்தச் சொல்லும் என்னோடுதான் இருக்கும். ஆனால் அவள் டொக்டரிடம் போகிற நாள் எதுவென்று எனக்குத் தெரியும், முதல் நாளே எடுத்து நினைவுபடுத்துகிறேன். தங்கைக்கும் பார்த்தாயிற்று, அவளுக்கும் இருந்தது, அழித்தாயிற்று. நீதான் மிச்சம்.

உனக்கு நான் இதைப் பொங்கலுக்கே சொன்னேன். "நான் இஞ்சை பிறந்தவன் அம்மா, எனக்கு ஊர்க் கிருமி எங்காலை வாறது?" என்று சிரித்தாய். நீ இங்கே பிறந்தாய், சரி. உனக்குச் சோறு தந்த கை எங்கே பிறந்தது? சனிக்கிழமைகளில் மிஞ்சின சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் போட்டுக் குழைத்து, உருண்டை உருண்டையாக அப்பாவுக்கு, உனக்கு, தங்கைக்கு, எனக்கென்று வட்டமாகக் கொடுப்பேன். உறைக்கிறதோ என்று என் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை உன் வாயில் வைப்பேன். நீ குருவி மாதிரி வாயைத் திறந்துகொண்டிருப்பாய். அதற்காக நான் தலைகுனிய மாட்டேன். பிள்ளைக்குச் சோறு கொடுத்தேன். ஆனால் அந்தச் சட்டியிலிருந்து நீ பாஸ்போட்டைக் காட்டித் தப்பமுடியாது. உனக்கு இல்லையென்றால் எனக்கும் சந்தோஷம்தான். இல்லையென்று டொக்டர் சொல்லட்டும். நீ சொல்லாதே.

உன் மனைவி தங்கையிடம் சொன்னதும் எனக்கு வந்து சேர்ந்தது. "கிண்டிப் பாத்தா ஏதாவது கண்டுபிடிப்பாங்கள்" என்று சொன்னாயாம். இருக்கிறது கிண்டாவிட்டாலும் இருக்கும், ராசா. அப்பாவின் பெயரைச் சொல்லு, அவருக்கு வந்த நோய் வருத்தம் என்னவென்று சொல்லு. எந்தச் சோதனை என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். சிலருக்கு ஒரு தண்ணீரைக் குடிக்கத் தந்து ஒரு பைக்குள் ஊதச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் புளிப்பை அடக்குகிற குளிசை போட்டுக்கொண்டு ஊதினால் கிருமி ஒளிந்துகொள்ளும், இருக்கிறதையும் இல்லையென்று காட்டும். என்ன குளிசை எடுக்கிறாய், எவ்வளவு காலமாக என்று மறைக்காமல் முதலிலேயே சொல்லு. இனிப்பென்று அங்கேயும் சொல்லாதே.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை நான் உனக்கும் தங்கைக்கும் சொன்னதில்லை. வைத்தியசாலையில் ஒரு மத்தியானம், நீங்கள் இரண்டு பேரும் கீழே தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தீர்கள். டொக்டர் வந்து, உள்ளே இரத்தம் கசிந்து இவருக்கு இதற்கு முதலே மலம் கறுப்பாகப் போயிருக்குமே, தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாசி மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் தம்பிமாரின்ர செய்திக்குக் காத்துக்கொண்டிருந்தனீர். அதோடை இதையும் எப்பிடித் தாறது? அது முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன்" என்றார்.

என் நினைவில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். உன் மாமி, அந்த மண்டபத்துப் பெண்கள், என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்தவர்கள். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, வீட்டுச் சாமான் மாதிரி. தாங்க முடியாத கோபம் ஒன்றுதான். அது உன் அப்பா மேல். என்னைப் பாவம் பார்த்து என்னிடம் மறைத்தார். அந்த மனிதரோடு எனக்குச் சண்டை பிடிக்க வேண்டும், "நீங்கள் ஆர் எனக்காக முடிவெடுக்க?" என்று கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லை. காலையில் எழும்பித் தேத்தண்ணீர் போடும்போது கேட்கிறேன், பதில் இல்லை.

அப்படி ஒரு கோபத்தை உன் மேலும் வைத்துக்கொண்டு என்னால் இருக்க ஏலாது, மகன். எனக்கு வயதுமில்லை, இடமுமில்லை. உனக்கு நோய் வருத்தம் வந்தால் நான் தாங்குவேன், தாங்கிப் பழகினவள். நீ மறைத்தால் தாங்கமாட்டேன். நீயும் என்னைப் பாவம் பார்க்காதே.

திங்கட்கிழமை டொக்டருக்கு எடுத்து நாள் கேள். அவர்கள் என்ன சொன்னாலும், நல்லதென்றாலும் கெட்டதென்றாலும், முதலில் எனக்குச் சொல்லு. நான் கத்துவேன், உன்னை ஏசுவேன், அழுவேன். நீ வைக்காமல் கேட்டுக்கொண்டிரு.

அம்மா